இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்

“பதினாலு கிலோ இருநூறு” என்றாள் தராசு.

“உன் மெஷின் பொய் சொல்லுது” என்றாள் நாத்தனார்.

“மெஷினுக்கு உங்க மேல என்ன கோபம் அண்ணி? கோபம் எல்லாம் எனக்குத்தான்.”

காலை ஏழு மணி. கூடத்து நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. தரை தெரியாமல் சாமான்கள். நடுவில் எலெக்ட்ரானிக் தராசு. அதன் மேல், குடித்துவிட்டு விழுந்தவனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது நாத்தனாரின் முதுகுப் பை.

புறப்பட இன்னும் நான்கே நாள். முப்பத்து நான்கு நாள் மலை நடை. போகிறவர்கள் இரண்டே பேர். மூன்று வருடமாக இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வது இந்த அழகில்தான்.

தராசு என்பது பார்சல் டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர். பதினாறு வருடமாக அங்கே எடை மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். வந்து சேரும் ஒவ்வொரு பார்சலையும் மறுபடி எடைபோட்டு, ஸ்டிக்கரில் கிராம் எழுதி, கீழே ஒரு சின்ன முக்கோணம் போடுவாள். முக்கோணம்தான் அவள் கையெழுத்து. வீட்டிலும் அதே வியாதி. டார்ச், கரண்டி, சோப்பு டப்பா எல்லாவற்றின் மேலும் கறுப்பு மார்க்கரில் கிராம் எழுதியிருக்கும்.

நாத்தனார், கணவனின் அக்கா. தையற்காரி. அவள் தைத்த சட்டை பிரியாது, அவள் பிடித்த சண்டையும் பிரியாது.

போன வாரம் பெர்மிட் ஆபீஸ் கவுன்டரில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வேறு வழியில்லை. தனி ஆளுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஜோடியாகப் போக வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். மூட்டை பன்னிரண்டு கிலோவைத் தாண்டினால் முதல் சாவடியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடம் முன்பு ஒருவன் அந்த மலையில் காணாமல் போன பிறகு வந்த சட்டங்கள் இவை.

அந்த ஒருவன் தராசின் கணவன்.

பதினான்காம் நாள், பனியில் கால் வழுக்கி, மூட்டை முடிச்சோடு பள்ளத்தில் விழுந்தான் என்று கூடப் போனவன் திரும்பி வந்து சொன்னான். கூடப் போனவன் தராசின் சொந்தத் தம்பி. ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு ஷூ லேஸ்கூடக் கிடைக்கவில்லை.

எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ‘கணவர்’ என்ற கட்டத்தில் தராசின் பேனா நின்றுவிடும். இருக்கிறான் என்று எழுதவும் முடியாது, இல்லை என்று எழுதவும் கை வராது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்று, ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடலாம் என்று நினைத்தாள். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

“ரெண்டு கிலோ இருநூறு அதிகம். எடுங்க வெளியே” என்று பையைத் திறந்தாள்.

முதலில் வந்தது தைல பாட்டில். கண்ணாடி பாட்டில்.

“நானூத்தி பத்து கிராம். மலை ஏறப் போறீங்களா, மசாஜ் கடை வைக்கப் போறீங்களா?”

“என் முட்டி, என் தைலம்.”

“சின்ன டப்பாவில ஊத்தித் தரேன். இது என்ன, ரெண்டாவது போர்வை? ஐந்நூத்தி இருபது. முகம் பார்க்கிற கண்ணாடி, ஐம்பது. அங்கே யாரு உங்களைப் பார்க்கப் போறா?”

“நீ பார்ப்பியே. அதுக்காகவாவது நான் தலை சீவ வேண்டாமா?”

அடுத்துக் கையில் சிக்கியது ஒரு கத்தரி. தையற்காரர்கள் துணியின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரி. கனமான இரும்பு.

“முந்நூத்தி இருபது! யாருக்கு அண்ணி மலையில ஜாக்கெட் தைக்கப் போறீங்க?”

“வை அதை.” நாத்தனாரின் குரல் மாறியது. “அவனுக்குப் பாய் வெட்டினது அந்தக் கத்தரி.”

தராசு கத்தரியைத் திருப்பிப் பார்த்தாள்.

மூன்று வருடம் முன்பு இதே கூடம். இதே தரை. மலையில் படுக்கும் ஸ்பாஞ்ச் பாயை விரித்து, அதில் அவனைப் படுக்கவைத்து, தோளிலிருந்து இடுப்பு வரை போதும், மீதி வீண் கனம் என்று நாத்தனார் வெட்டினாள். கையில் கிடைத்தது ஜிக்ஜாக் கத்தரி. ஓரமெல்லாம் பல் பல்லாக வந்ததைப் பார்த்து அவன் சிரித்தான். “அக்கா, பாய்க்குக்கூட டிசைனா?”

“கத்தரி இங்கேயே இருக்கட்டும்” என்று அதை எடுத்து அலமாரி மேல் வைத்தாள் தராசு. “இப்போ பன்னிரண்டு தொள்ளாயிரம். இன்னும் தொள்ளாயிரம் கிராம் குறையணும்.”

இருவர் பார்வையும் ஒரே சமயத்தில் பையின் அடியில் கிடந்த துணிப் பொதிக்குப் போனது.

கல்.

உள்ளங்கை இரண்டு அகலம். கறுப்பு. அவன் பெயரும் இரண்டு தேதிகளும் செதுக்கியது. நாத்தனார் யாரையும் கேட்காமல் சொல்லிச் செய்தது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.

“தகட்டில எழுதி எடுத்துட்டுப் போகலாம்னு அன்னைக்கே சொன்னேன். எண்பது கிராம்ல முடிஞ்சிருக்கும்.”

“என் தம்பி என்ன தகர டப்பாவா?”

“அப்போ நீங்களே தூக்குங்க.”

“நான்தானே தூக்கறேன்! உன் புருஷனுக்குக் கல்லு, அதைச் சுமக்கிறது நான். உன் பையில வையேன் பார்ப்போம்.”

“என் பை பதினொண்ணு தொள்ளாயிரம். டென்ட், அடுப்பு, டென்ட் ஆணி எல்லாம் என்கிட்ட. இன்னும் நூறு கிராம்தான் இடம். கல்லை உடைச்சு நூறு கிராம் குடுங்க, வச்சுக்கறேன்.”

நாத்தனார் எழுந்து நின்றாள். இடுப்பில் கை. அண்டை வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது. சண்டை நேரம் அவர்களுக்கும் தெரியும்.

“உடைக்கணும்னு நாக்கு கூசாம சொல்றே. நீ உடைக்காததா? வீட்ல நிம்மதியா இருந்தவனை, கிராம் கிராம்னு பிடுங்கித் தின்னு, மலைக்கு ஓட வச்சே...”

“நான் ஓட வச்சேனா? வருஷம் முழுக்க என் வீட்ல வந்து உட்கார்ந்து அவருக்கு அட்வைஸ் பண்ணது யாரு? டிப்போவா?”

கல் தரையில் கிடந்தது. எதுவும் சொல்லவில்லை. அதற்கு மட்டும்தான் அந்த வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தது.

கடைசியில் கணக்குத்தான் ஜெயித்தது. நாத்தனார் எடுத்து வைத்திருந்த காற்றடிக்கும் மெத்தை ஆயிரத்து நூற்றைம்பது கிராம். நல்ல ஸ்பாஞ்ச் பாய் நானூறுக்குள் கிடைக்கும். அதற்கும் லேசாகக் கிடைத்தால் கல் தப்பித்தது.

“லேசான பாய் எங்கே கிடைக்கும்னு உனக்குத் தெரியும்” என்றாள் நாத்தனார்.

தெரியும். ஊரிலேயே லேசான சாமான் ஒரே ஒரு கடையில்தான். தராசின் தம்பி கடை.

“அவன் கடைக்கு நான் வரமாட்டேன்.”

“நீ எங்கே வரே? உன்னை நான் இழுத்துட்டுப் போறேன்.”

* * *

மேம்பாலத்தின் அடியில், சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே அந்தக் கடை. மலையேற்றச் சாமான்கள் வாடகைக்கு. மேலே வண்டி போகும்போதெல்லாம் உள்ளே தொங்கும் கயிறுகள் ஆடும்.

கடைக்காரனை மலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அரைபிரஷ் என்பார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டு எடுத்துப் போகிறவன். ஏழு கிராம் மிச்சமாம். பையின் வார் நுனிகளை வெட்டுவான். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளைப் பிரிப்பான். அக்காவுக்கு எடையைத் தெரிந்துகொள்ளும் வெறி. தம்பிக்கு அதைக் குறைக்கும் வெறி.

உள்ளே நுழைந்த இருவரையும் பார்த்ததும் அவன் கையிலிருந்த கயிற்றுச் சுருள் பாதியில் நின்றது.

“கடை லீவு.”

“ஷட்டரைத் திறந்து வச்சுட்டு லீவா?” என்றாள் நாத்தனார். “காத்து வாங்கறியா?”

“அக்கா, அவங்களை வெளியே போகச் சொல்லு.”

“நான் சொல்லி அவங்க எப்போடா கேட்டிருக்காங்க?” தராசு கவுன்டர் மேல் கைப்பையை வைத்தாள். “எனக்கு உன் கடையில நிக்கணும்னு ஆசை இல்லை. லேசான பாய் ஒண்ணு வேணும். குடு, போயிடறோம்.”

“குடுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“நீ அங்கே போகக்கூடாது.”

“அதான் பெர்மிட் ஆபீஸுக்கு மொட்டைக் கடுதாசி எழுதிப் பார்த்தியே. ‘மேற்படி பெண்ணுக்கு முழங்கால் தேய்மானம், அனுமதி தர வேண்டாம்.’ எழுத்தை மாத்தி எழுதினே சரி. கவரோட ஓரத்தைக்கூட வெட்டி எடையைக் குறைச்சிருந்தியே, அந்த புத்தியை எங்கேடா ஒளிப்பே?”

அரைபிரஷ்ஷின் காது சிவந்தது. “உன் நல்லதுக்குத்தான் எழுதினேன்.”

“மூணு வருஷமா என் வாசப்படி ஏறல. கேட்டா கடை, கடை. இப்போ திடீர்னு என் முட்டி மேல பாசமா?”

இந்தப் பாசப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நாத்தனார் கவுன்டரில் இல்லை.

தையல் கடைக்கு வருகிறவர்கள் வெளியே நிற்பார்கள். நாத்தனார் எந்தக் கடைக்குப் போனாலும் உள்ளே போவாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பின்பக்க அறைக்குப் போயிருந்தாள். அங்கே ஆணியில் தொங்கியது அரைபிரஷ்ஷின் சொந்தப் பை. வாடகைக்கு விடாதது. அதன் முதுகில் நாடாவால் கட்டியிருந்தது ஒரு சாம்பல் நிறச் சுருள்.

“அதை எடுக்காதீங்க! அது என்னுது!”

அவன் பாய்ந்து வருவதற்குள் சுருள் நாத்தனாரின் கையில் இருந்தது. அவள் அதைக் கவுன்டருக்குக் கொண்டுவந்தாள்.

“இறகு மாதிரி இருக்கே! இதைப் பதுக்கி வச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேன்னா சொல்றே? இந்தா, எடை பாரு.”

தராசின் கைப்பையில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு இருக்கும். சிலர் கைப்பையில் சீப்பு இருப்பதைப் போல. சுருளின் நாடாவைக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள்.

எண்கள் ஓடின. நின்றன.

212.

தராசு அந்த எண்ணையே பார்த்தாள். மேலே ஒரு லாரி போனது. கயிறுகள் ஆடின. எண் ஆடவில்லை.

ஒரு நாளைக்கு நானூறு பார்சல் எடைபோடுகிறவள். எல்லாம் நினைவில் நிற்பதில்லை. ஆனால் மூன்று வருடம் முன்பு கூடத்துத் தரையில் ஒருவனுக்காகக் கட்டிய மூட்டையில் இருந்த முப்பத்தெட்டு சாமான்களின் எடை அவளுக்கு மனப்பாடம். பள்ளத்தில் போன முப்பத்தெட்டு சாமான்கள். தூக்கம் வராத நேரங்களில் அவள் சொல்லிக்கொள்ளும் பட்டியல் அது. கரண்டி பதினெட்டு. தொப்பி நாற்பத்தொன்று. பாய் இருநூற்றுப் பன்னிரண்டு.

அதே நேரம் நாத்தனாரின் விரல்கள் சுருளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன. பல். பல். பல். நடுவில் ஓரிடத்தில் ஒரு பல் மட்டும் விட்டுப்போயிருந்தது. அவளுடைய கத்தரியில் ஒரு பல் மழுங்கி வெகுகாலம் ஆகிறது. மூலையில் மார்க்கர் எழுத்தைத் தேய்த்து அழித்த கறை இருந்தது.

இருவரும் நிமிர்ந்தார்கள். மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். சண்டை போட எதுவும் இல்லை.

“ஷட்டரை இறக்கு” என்றாள் தராசு.

நாத்தனார் இறக்கினாள். சொன்னதைச் செய்தாள்! அரைபிரஷ்ஷுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

“அக்கா...”

“இது அவரோட பாய்.”

“முந்தின நாள் மாத்திக்கிட்டோம். அவருக்குக் குளிருது, என்னுது பெருசுன்னு...”

“நீ ஆறடி. இதுல படுத்தா உன் கால் முழுக்கப் பனியில கிடக்கும். பதிமூணாம் நாள், அந்த உயரத்துல, மாத்திக்கிட்டே?”

“ஆமா.”

“மாத்தினா உன் பாய் பள்ளத்துல போயிருக்கணும்.” அவள் விலகிக் கிடந்த திரைச்சீலைக்கு அப்பால் கை காட்டினாள். பின்னறை மூலையில், வாடகைச் சாமான்களோடு, ஒரு நீளமான பச்சைப் பாய். அதன் மூலையில் கறுப்பு மார்க்கரில் ‘395’. கீழே சின்ன முக்கோணம். “அன்னைக்கு உன் சாமானையும் நான்தான்டா எடைபோட்டேன்.”

அவன் அதைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தான்.

“தூக்கிப் போட்டிருக்கலாமே” என்றாள் நாத்தனார். அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. “எரிச்சிருக்கலாமே. ஏன்டா வச்சிருந்தே?”

“இருநூத்தி பன்னிரண்டு கிராம்” என்றான் அவன், தலை குனிந்தபடி. “இவ்வளவு லேசா ஒண்ணு எங்கேயும் கிடைக்காது. மனசு வரல.”

நாத்தனார் கவுன்டரைச் சுற்றிப் போய் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். மேலே போன வண்டிச் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொன்று விட்டாள்.

“அவனை என்னடா பண்ணே?”

“நான் ஒண்ணும் பண்ணல! அவர் விழவே இல்லை!”

நாத்தனாரின் ஓங்கிய கை கீழே இறங்கியது.

“பதினாலாம் நாள் பாதை ரெண்டாப் பிரியும். அங்கே நின்னாரு. நான் அந்தப் பக்கம் இறங்கறேன், நீ திரும்பிப் போயிடுன்னாரு. விளையாடறாருன்னு நினைச்சேன். பாயை அவிழ்த்து என் கையில குடுத்தாரு. இனிமே நான் வெளியே படுக்க மாட்டேன், நீ வச்சுக்கோ, லேசா இருக்கும்னாரு. நான் செத்துட்டேன்னு வீட்ல சொல்லிடுன்னாரு. பிடிச்சு இழுத்தேன் அக்கா. கையை உதறிட்டு நடந்தாரு. திரும்பியே பார்க்கல.”

“ஒன்பது நாள்!” நாத்தனார் கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள். “ஒன்பது நாள் பள்ளத்துல கயிறு கட்டி ஆளை இறக்கித் தேடினாங்க. நான் கீழே சாவடியில நின்னு ஒவ்வொரு தடவையும் தேடப் போனவங்க சேதி வரும்போது... பாவி, நீயும் பக்கத்துல நின்னே!”

“ஓடிப் போயிட்டாருன்னு சொல்றதைவிட, செத்துட்டாருன்னு சொன்னா அக்காவுக்கு மரியாதைன்னு நினைச்சேன்.”

தராசு இன்னும் கொக்கியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். கை வலித்ததா என்று தெரியவில்லை. “அவர் உயிரோட இருக்காருன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் இறங்கும்போது விழுந்திருக்கலாமே.”

அரைபிரஷ் கவுன்டரின் அடி இழுப்பறையைத் திறந்தான். உள்ளே எதையும் எடுக்கவில்லை. இழுப்பறையையே வெளியே உருவி, தலைகீழாகத் திருப்பிக் கவுன்டர் மேல் வைத்தான்.

அடிப்பலகையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பார்சல் ஸ்டிக்கர்.

“எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. அனுப்பினவர் பேர் இல்லை. பிரிச்சா, அவர் என்கிட்ட வாடகைக்கு எடுத்துட்டுப் போன, ஷூவுக்கு அடியில மாட்டற இரும்பு முள் ஜோடி. நல்லா துடைச்சு, எண்ணெய் போட்டு அனுப்பியிருந்தாரு. பெட்டியைக் கிழிச்சுட்டேன். இதைக் கிழிக்க முடியல.”

“வாடகைச் சாமானைத் திருப்பி அனுப்பத் தெரிஞ்சிருக்கு” என்றாள் நாத்தனார். “நம்மளைத் திரும்பிப் பார்க்கத் தெரியல.”

தராசு ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

எடை: 930. கீழே ஒரு சின்ன முக்கோணம்.

அவள் போட்டது. அவள் கை. அவன் தொட்டுக் கட்டிய பெட்டி அவள் மேஜைக்கு வந்திருக்கிறது. தூக்கி வைத்திருக்கிறாள், எழுதியிருக்கிறாள், தள்ளிவிட்டிருக்கிறாள். எவ்வளவு முயன்றும் அந்தத் தொள்ளாயிரத்து முப்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

முக்கோணத்துக்கு மேலே, அனுப்பிய கிளையின் எண். 46-9.

அது நினைவுக்கு வந்தது. போன செவ்வாய்க்கிழமைதான் அதைத் தன் கையால் எழுதியிருந்தாள். முப்பத்து நான்கு நாளுக்கான சாப்பாட்டையும் முதுகில் சுமக்க முடியாது. அதனால் உலர் சாப்பாட்டை மூன்று பெட்டியாகக் கட்டி, ஒன்பதாம் நாள், பத்தொன்பதாம் நாள், இருபத்தொன்பதாம் நாள் தங்கும் இடங்களுக்கு முன்கூட்டியே அனுப்பியாகிவிட்டது.

மூன்றாவது பெட்டி போன கிளை, நாற்பத்தாறு-ஒன்பது. “நம்ம இருபத்தொன்பதாம் நாள் ஊர்” என்று வாய்விட்டே சொன்னாள்.

“ஏன் போனார்?” என்று கேட்டாள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. “சொல்லுடா. என்ன காரணம் சொன்னார்?”

அரைபிரஷ் வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டி, ஷட்டர் பக்கம் போனது.

அங்கே நாத்தனார் நின்றிருந்தாள்.

“என்னை ஏன் கேக்கறே? அவங்களைக் கேளு.”

நாத்தனார் பதில் சொல்வாள் என்று தராசு காத்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள். மூன்றாவது அறைக்காவது காத்திருந்தாள்.

நாத்தனார் குனிந்து ஷட்டரைத் தூக்கிவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.

* * *

வீடு வரை இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி இடைவெளி. பஸ்ஸில்கூட ஆளுக்கொரு ஜன்னல்.

கூடம் விட்டுப்போன கோலத்திலேயே கிடந்தது. தராசு விளக்கைப் போடவில்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நாத்தனாரின் பையை எடை மெஷின் மேல் தூக்கி வைத்தாள். காற்று மெத்தையை வெளியே எடுத்தாள். பல் ஓரப் பாயை உள்ளே வைத்தாள்.

“பதினொண்ணு தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு” என்றாள். “உங்க கல் தப்பிச்சுது.”

பிறகு கையை விட்டு, துணிப் பொதியை எடுத்து, கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். காற்றில் அடித்துக்கொண்டே இருந்த கதவு அசையாமல் நின்றது.

“இப்போ பத்தாயிரத்து முந்நூத்தி இருபத்திரண்டு.”

நாத்தனார் கல்லைப் பார்த்தாள். அதை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறாள். அதன் இரண்டு தேதிகளில் ஒன்று பொய்.

“சொல்லுங்க அண்ணி.”

நாத்தனார் மெதுவாக அலமாரிக்குப் போனாள். கத்தரியை எடுத்தாள். திரும்பி வந்து, தன் பையின் வெளி உறையில் செருகினாள்.

“முந்நூத்தி இருபது. இப்போ இடம் இருக்கில்ல?”

“நான் கேட்டதுக்குப் பதில் அது இல்லை.”

“அவன் செத்துட்டான்னுதான் நானும் நம்பினேன். சத்தியமா. இல்லேன்னா அந்தக் கல்லுக்கு நான் ஏன் அழறேன்?”

“அது எனக்குத் தெரியும். ஏன் போனார்னு கேட்டேன்.”

“தெரியும்.”

“என்னது?”

“ஏன் போனான்னு எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. போயிட்டான்னு தெரிஞ்சதும், ஏன்னும் தெரிஞ்சுபோச்சு.” நாத்தனார் தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய மூட்டுகள் சொடுக்கின. “சொல்ல மாட்டேன்.”

“அண்ணி!”

“இருபத்தொன்பதாம் நாள் சொல்றேன். அந்த ஊர்ல, அவன் முன்னாடி வச்சு சொல்றேன்.”

“இப்போ சொன்னா என்ன?”

“இப்போ சொன்னா நீ என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டே.” நாத்தனார் முகத்தில் வழக்கமான கடுமை திரும்பியிருந்தது. ஆனால் கண்கள் கல்லின் மேலேயே இருந்தன. “நான் வரலேன்னா உன்னையும் சாவடியில விடமாட்டாங்க. பெர்மிட்டுல ரெண்டு கையெழுத்து. மறந்துட்டியா?”

தராசு மறக்கவில்லை. நான்கு நாளில் வேறு ஜோடி தேடி, வேறு பெர்மிட் வாங்க முடியாது. பனிக்காலம் தொடங்கிவிட்டால் ஏழு மாதம் பாதை மூடியிருக்கும். இந்தப் பெண் இல்லாமல் அந்த ஊருக்குப் போக முடியாது. இந்தப் பெண்ணோடு ஒரே டென்டில் படுக்க வேண்டும்.

“சரி” என்றாள். “காபி போட்டுக் கொண்டு வாங்க. தலை வலிக்குது.”

“நான் என்ன உன் வேலைக்காரியா?” என்றபடியே நாத்தனார் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும் வரை தராசு காத்திருந்தாள். பிறகு தன் பையைத் திறந்து டென்ட் ஆணிகள் கட்டிய சின்ன மூட்டையை எடுத்தாள். முந்நூற்று நாற்பது கிராம். அதை நாத்தனாரின் பையில் அமுக்கினாள்.

வெளி உறையிலிருந்த கத்தரியை உருவினாள். முந்நூற்று இருபது. அதைத் தன் பையின் அடியில், துணிகளுக்கு நடுவே, ஆழமாகச் செருகினாள்.

இருபது கிராம் லாபம்.

முப்பத்து நான்கு இரவு, ஒரே டென்ட். கூரான சாமான் தன் பக்கம் இருப்பதுதான் நல்லது.